ஏஐ-யோடு பேசிப் பழகினால் கூச்சம் போகுமா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். நெருங்கிய நண்பனோடு சண்டை. ஒரு மாதமாகப் பேச்சே இல்லை. சாட்ஜிபிடியோடு பேசவிட்டால் நாலு பேரிடம் பழகும் பக்குவம் வரும் என்கிறான் என் தம்பி. விடலாமா? என்ன பேசுகிறான் என்று அவனுக்குத் தெரியாமல் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி, சகோதரி. கூச்சப்படும் பிள்ளைக்கு ஒத்திகை பார்க்க ஓர் இடம் கிடைப்பது நல்லதுதான். உளறினாலும் சிரிக்க ஆளில்லை, வகுப்பு முழுக்கப் பரவாது.

சிக்கல் என்னவென்றால், சாட்ஜிபிடிக்குக் கோபமே வராது. 'சாரிடா' என்று டைப் செய்த மறுநொடி, 'மனம் திறந்து சொன்னதே பெரிய விஷயம்' என்று தட்டிக்கொடுக்கும். நிஜ நண்பன் அப்படியா? வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. மறுநாள் பெஞ்ச் மாறி உட்காருவான். அந்த இரண்டு நாளைத் தாங்கத்தான் உங்கள் மகன் பழக வேண்டும்.

இந்த ஆமாஞ்சாமி குணம் ஊரறிந்தது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி எதற்கெடுத்தாலும் ஜால்ரா போடுகிறது என்று புகார் கிளம்பி, அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்போது வெளியிட்ட புதுப்பிப்பைத் (அப்டேட்) திரும்பப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், கற்பனைப் பாத்திரங்களோடு பேசவைக்கும் கேரக்டர்.ஏஐ செயலி, 18 வயதுக்குட்பட்டவர்கள் அந்தப் பாத்திரங்களோடு இஷ்டத்துக்கு அரட்டை அடிப்பதையே நிறுத்திவிட்டது. தோழன், காதலி என்று வேஷம் கட்டும் செயலிகள் பக்கம் பையன் போகவே வேண்டாம்.

சாட்ஜிபிடியைப் பயன்படுத்த 13 வயது ஆகியிருக்க வேண்டும், 18 வரை பெற்றோர் சம்மதமும் வேண்டும். அவன் கணக்கை உங்கள் கணக்கோடு இணைத்து, இரவில் பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. ஹாலில் உட்கார்ந்து, கால் மணி நேரம் போதும். இப்படி டைப் செய்யச் சொல்லுங்கள்: 'நீ என் ஃபிரண்டு. என் மேல செம கடுப்புல இருக்க. ஒத்த வார்த்தையிலதான் பதில் சொல்லணும். சீக்கிரம் சமாதானம் ஆகக் கூடாது.' 'ம்', 'அதுக்கு?' என்று பதில் வரும்போது அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அது வசனம் எழுதித்தர ஆரம்பித்தால் மூடிவிடுங்கள். 'உன் உணர்வுகளை மதிக்கிறேன்' என்று ஒரு பையன் போய் நின்றால் நண்பன் விழுந்து விழுந்து சிரிப்பான்! ஒத்திகை முடிந்த இரண்டொரு நாளில் அவன் நேரில் போய்ப் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் இத்தனையும் வீண்.

திருட்டுத்தனமாகப் படிக்காதீர்கள். 'அப்பப்போ பார்ப்பேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்பது போல எதையாவது எழுதியிருந்தால், தாமதிக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

சண்டை எதனால் என்று நீங்கள் எழுதவே இல்லையே? முதலில் அதைக் கேளுங்கள். கேலி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் ஒத்திகைப் பேச்சே வேண்டாம், நேரே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.