டெக்னோ இசை ஜெர்மனியில்தானே பிறந்தது? டெட்ராய்ட் என்று சிலர் ஏன் சொல்கிறார்கள்?

சிலர் சொல்வதால் அல்ல, அதுதான் உண்மை. டெக்னோ என்ற மின்னணு நடன இசை பிறந்தது அமெரிக்காவின் டெட்ராய்டில். இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், டெட்ராய்டுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கரையில் இருக்கும் பெல்வில் என்ற சிற்றூரின் பள்ளியில் படித்த மூன்று கறுப்பின இளைஞர்களின் கையில்.

2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தியைக் கேள்வியின் கீழே குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே மேற்படிப்புக்குப் போயிருப்பவர் என்று நினைக்கிறேன். உடன் தங்கியிருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை இரவு உங்களை அழைத்துப் போயிருப்பார்கள். விடியும்வரை ஆடிவிட்டு, 'இது எங்கள் ஊர் இசை' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சீராட்டி வளர்த்தவர்களுக்கு அந்தச் சொந்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வளர்த்த வீடு வேறு, பெற்ற வீடு வேறு.

நான் இசை ஆய்வாளன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு 'உனக்கு என்ன தகுதி' என்று யாரும் வர வேண்டாம். மிச்சிகன் மாநிலத்தில், கேன்டன் என்ற புறநகரில் ஆறு ஆண்டுகள் குடியிருந்து, கார் உதிரிபாக ஆலை ஒன்றில் தானியங்கி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளராக இருந்தவன். எனக்கு இதைக் கற்பித்தவர் அதே ஆலையில் வேலை செய்த ஒரு எலக்ட்ரீஷியன். டெட்ராய்டிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். ஓய்வுபெற அவருக்கு அப்போது மூன்று ஆண்டுகள் இருந்தன.

2012 ஜனவரியில் என் கார் பழுதாகிப் பட்டறையில் கிடந்தது. பத்து நாட்கள் அவர்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அவருடைய பழைய காரில் கேசட் பிளேயர் இருந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டுவிட்டு, 'இது ஜெர்மன் இசைதானே?' என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நெடுஞ்சாலையிலேயே தெற்கே ஓட்டினார். சற்று நேரத்தில் பெல்வில் உயர்நிலைப் பள்ளியின் முன்னால் வண்டி நின்றது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. 'ஹுவான் அட்கின்ஸ் இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர். டெரிக் மேயும் அப்படியே. கெவின் சாண்டர்சனும் அப்படியே. இனி யாராவது கேட்டால் இந்த ஊரின் பெயரைச் சொல்லுங்கள்' என்றார். வீடு சேரும்வரை அதற்குமேல் பேசவில்லை. கோபம் இல்லை, அதே கேள்வியைப் பலமுறை கேட்டுச் சலித்த முகம். அந்த முகத்துக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

மறுநாளிலிருந்து நானே கேட்கத் தொடங்கினேன். அவர் முதலில் சொன்னது ஒரு வானொலி நிகழ்ச்சியைப் பற்றி. 1977 முதல் டெட்ராய்டில் 'எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற பெயரில் ஓர் அறிவிப்பாளர் இரவு நிகழ்ச்சி நடத்தினார். முகத்தை வெளியே காட்டாதவர். கறுப்பினத்தவருக்கு ஒரு நிலையம், வெள்ளையருக்கு ஒரு நிலையம் என்று அமெரிக்க வானொலியில் இசை பிரிந்துகிடந்த காலம் அது. மோஜோ அந்த வேலியை மதிக்கவில்லை. ஜார்ஜ் கிளின்டனின் பார்லமென்ட் என்ற கறுப்பின இசைக்குழு, பிரின்ஸ், ராக் இசை, ஜெர்மனியின் டியூசல்டோர்ஃப் நகரத்து மின்னணு இசைக்குழுவான க்ராஃப்ட்வெர்க் எல்லாம் ஒரே இரவில் அடுத்தடுத்து வரும். நடுவே விண்கலம் ஒன்று தரையிறங்கும் ஒலி கேட்கும். வீட்டில் இருப்பவர்கள் வாசல் விளக்கைப் போடுங்கள், காரில் இருப்பவர்கள் முகப்பு விளக்கைப் போடுங்கள் என்பார். என் நண்பருக்கு அப்போது இரவுப் பணி. இடைவேளையில் ஆலையின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கேட்பாராம். மோஜோ சொன்னதும் இருட்டில் நின்ற கார்களில் ஒன்று, மூன்று, பத்து என்று விளக்குகள் எரியும். 'என்னோடு வேலை செய்பவர்களில் யாரெல்லாம் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்' என்றார்.

பெல்வில் மூவரும் அந்த வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். அட்கின்ஸ் டெட்ராய்டிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போன இடத்தில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ரிக் டேவிஸைச் சந்தித்தார். இருவரும் சைபோட்ரான் என்ற பெயரில் 1981இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். மோஜோ அதை ஒலிபரப்பினார். 'டெக்னோ' என்ற சொல்லுக்கு அட்கின்ஸ் கடன்பட்டது எதிர்காலத்தைப் பற்றி எழுதிவந்த அமெரிக்க எழுத்தாளர் ஆல்வின் டாஃப்லர் 1980இல் எழுதிய 'மூன்றாம் அலை' நூலுக்கு. தொழில்நுட்பத்தை மறுக்காமல் தன்வசப்படுத்த நினைக்கும் கலகக்காரர்களை டாஃப்லர் அந்தச் சொல்லால் அழைக்கிறார்.

ஏன் டெட்ராய்ட்? இந்தக் கேள்விக்கு என் வேலை எனக்கு உதவியது. டெட்ராய்டின் புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுன் 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. ஆலைகளில் மனிதர்கள் நின்ற இடத்தில் ரோபோக்கள் வந்தன. மோட்டவுன் இசையைவிட ஃபோர்டு ஆலையின் ரோபோக்களில்தான் தனக்கு ஈடுபாடு என்று அட்கின்ஸே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டி.ஆர்.808 தாள இயந்திரத்தைப் பாருங்கள். உண்மையான டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கிய கருவி அது. அதனாலேயே பழைய பொருளாக மலிவு விலைக்குக் கிடைத்தது. பதினாறு பொத்தான்கள் ஒரே வரிசையில் இருக்கும். தாளச் சுற்று ஒன்றின் பதினாறு பங்குகள் அவை. எங்கே அடி விழ வேண்டுமோ அங்கே அழுத்திவிட்டால், இயந்திரம் அந்தச் சுற்றை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். கன்வேயர் வரிசையில் எந்த நிலையத்தில் எந்த வேலை நடக்க வேண்டும் என்று எழுதிக்கொடுப்பவனுக்கு இது அந்நியமே இல்லை. 'ஒரே தட்டுத்தானே, இதில் என்ன இசை' என்று கேட்பவர்கள் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்கட்டும். தட்டு மாறாது. அதன் மேலே ஒலியின் நிறம் மெல்ல மெல்ல மாறும். கேட்க வேண்டியது அந்த மாற்றத்தை.

1985இல் அட்கின்ஸ் தனியாக, மாடல் 500 என்ற பெயரில், தன் சொந்த மெட்ரோப்ளெக்ஸ் நிறுவனத்தில் இசைத்தட்டு வெளியிட்டார். டெரிக் மே சிகாகோவுக்குப் போய்வந்து, ஃபிராங்கி நக்கிள்ஸ் போன்றவர்கள் அங்கே வளர்த்த ஹவுஸ் என்ற நடன இசையின் சூட்டைக் கொண்டுவந்தார். சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு 1988இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தது. அதே ஆண்டு பிரிட்டனில் டெட்ராய்ட் இசையைத் தொகுத்து ஒரு தட்டு வந்தது. முதலில் அதற்கு 'டெட்ராய்டின் ஹவுஸ் இசை' என்றுதான் பெயர் வைக்க இருந்தார்கள். அட்கின்ஸ் கொடுத்த பாட்டின் தலைப்பில் 'டெக்னோ' இருந்தது. தொகுப்புக்கும் அதுவே பெயராயிற்று. உலகம் அந்தச் சொல்லை அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டது.

இனி, எழப்போகும் எதிர்ப்புகள். க்ராஃப்ட்வெர்க்கைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் இல்லாமல் டெக்னோ இப்படி இருந்திருக்காது. பெல்வில் மூவரும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மியூனிக்கில் 1977இல் பாடகி டோனா சம்மருக்காக இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் ஏறக்குறைய முழுக்க மின்னணுக் கருவிகளில் எழுப்பிய தாளமும் ஒரு வேர்தான். 1980களின் தொடக்கத்தில் ஃபிராங்க்ஃபுர்ட்டில் மின்னணு இசைத்தட்டுகளை 'டெக்னோ' என்ற பெயரில் அடுக்கி விற்ற கடை இருந்ததும் உண்மை. ஆனால் பார்லமென்ட் குழுவில் பெர்னி வோரெல் சிந்தசைசரில் வாசித்த அந்தத் தடித்த பேஸ் ஒலியை விட்டுவிட்டு, ஜெர்மானிய வேரை மட்டும் எண்ணுவது என்ன நியாயம்? கறுப்பினத்தவர் பங்கு மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் கணக்கிலிருந்து நழுவுகிறது? 'சரண்ஜித் சிங் 1982இல் மும்பையில் 808உம் டி.பி.303 என்ற பேஸ் ஒலிக் கருவியும் வைத்து ராகங்களை வாசித்தாரே, அப்படியானால் இந்தியாதானே முன்னோடி' என்று எழுதப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அது அற்புதமான இசைத்தட்டு, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் 2010இல் மறுபதிப்பு வரும்வரை உலகம் அதை அறியவில்லை. யார் காதுக்கும் போகாத ஒன்று யாருக்கும் முன்னோடியாக முடியாது.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாக மனத்தில் கிடக்கிறது. 2014 பொங்கல் விழாவில், அங்கிருந்த ஒரு தமிழ்ச் சங்கத்தில், 'நாம் வாழும் ஊரின் இசை' என்று பேசப் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருந்தேன். நண்பரையும் அவர் மனைவியையும் அழைத்திருந்தேன். அவர் கோட்டு அணிந்து, அரை மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்கொடையாளர் பெயர்கள் இரண்டு முறை என்று ஒரு மணி நேரம் போயிற்று. என் பத்து நிமிடம் மூன்றாகி, அதிலும் பாதியில் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். அதைக்கூட மறந்துவிடுவேன். பந்தியில் அந்த இருவரையும் நிறுத்தி, 'உறுப்பினர் டோக்கன் இருக்கிறதா?' என்று கேட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பணம் கட்டினேன். பணம் ஒரு பொருட்டில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை இலைக்கு முன்னால் நிறுத்திச் சீட்டுக் கேட்கும் வழக்கத்தை எங்கிருந்து கற்றோம்? யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. நான் அங்கே மறுபடி போகவும் இல்லை.

சரி, பெர்லினுக்கு வருகிறேன். 1988இல் டெட்ராய்டின் பிராட்வே தெருவில் மியூசிக் இன்ஸ்டிடியூட் என்ற நடன அரங்கு திறந்தது. மது கிடையாது, இசையும் ஆட்டமும் மட்டும். என் நண்பர் முப்பது வயதைக் கடந்த பிறகும் அங்கே போயிருக்கிறார். 1989 நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். பெர்லின் சுவர் திறந்ததும் அதே நவம்பரில்தான். சுவருக்குக் கிழக்கே கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களில் இளைஞர்கள் புகுந்தார்கள். 1991 மார்ச்சில், பழைய வெர்ட்ஹைம் பேரங்காடியின் நிலத்தடிப் பெட்டக அறையில் டிரெசோர் அரங்கு தொடங்கியது. அந்த அரங்கு இசைத்தட்டு வெளியிட முடிவு செய்தபோது, முதல் தட்டைச் செய்துகொடுத்தவர்கள் டெட்ராய்டின் மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹூட். 1993இல் வந்த டிரெசோரின் இரண்டாவது தொகுப்பின் தலைப்பிலேயே 'பெர்லினும் டெட்ராய்டும், ஒரு டெக்னோ கூட்டணி' என்று பெர்லின்காரர்கள் அச்சிட்டிருக்கிறார்கள். பழைய இசைத்தட்டுக் கடைகளில் தேடிப்பாருங்கள், இன்னும் கிடைக்கும். உடன் தங்கியிருப்பவரிடம் அந்த அட்டையைக் காட்டுங்கள். பெல்வில் எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.