சலூனுக்கு 'தேவதாஸ்' என்று பெயர் வைத்ததற்குப் பணம் கேட்கிறார்கள், கட்ட வேண்டுமா?

கேள்வி: கரூரில் 2016 முதல் 'தேவதாஸ்' என்ற பெயரில் சலூன் நடத்துகிறேன். தாடி அலங்காரம்தான் எங்கள் விசேஷம், அதனால்தான் அந்தப் பெயர். போன மாதம் வெளியூர் ஏஜென்ட் ஒருவர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 'தேவதாஸ்' பெயரைத் தன் கட்சிக்காரர் பதிவு செய்துவிட்டாராம். 15 நாளில் போர்டை எடுக்க வேண்டும், இல்லையென்றால் 60,000 ரூபாய் கட்டி 'தடையில்லாச் சான்று' வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். கதையை எழுதியவரின் குடும்பத்திடமும் நான் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம். என்ன செய்வது?

பதில்: பணம் கட்டாதீர்கள். போர்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆனால் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது.

எழுத்தாளர் குடும்பம் என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். 'தேவதாஸ்' வங்காள எழுத்தாளர் சரத்சந்திர சட்டோபாத்யாயின் நாவல், 1917இல் வெளிவந்தது. அவர் 1938இல் காலமானார். நம் நாட்டில் எழுத்தாளரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் காப்புரிமை (காப்பிரைட்) உண்டு. எப்படிக் கணக்குப் போட்டாலும் அது எப்போதோ முடிந்துவிட்டது. அது முடியாமலே இருந்திருந்தாலும் உங்களைக் கேட்க முடியாது. காப்புரிமை எழுதிய எழுத்துக்குத்தான், ஒற்றைப் பெயருக்குக் கிடையாது. 'பெயருக்குக் காப்பிரைட் வாங்கித் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, இந்தப் பெயரை ஒருவர் வளைத்துப் போட முடியுமா என்பது. 1953இல் நாகேஸ்வர ராவ் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் படம் வந்த பிறகுதான் தேவதாஸ் நம் வீடுகளுக்குள் நுழைந்தார். நாவலைப் படித்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. படத்தைப் பார்க்காதவர்கள்கூட, பையன் நாலு நாள் சவரம் செய்யாமல் வந்தால் 'என்னடா, தேவதாஸ் மாதிரி இருக்க?' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பார்வதியும் தெரிய வேண்டாம், சந்திரமுகியும் தெரிய வேண்டாம். கதை உதிர்ந்துவிட்டது, தாடியும் சோகமும் மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டன. ரோமியோவுக்கும் இதுதான் நடந்தது. பெண்கள் கல்லூரி வாசலில் நிற்பவனை 'ரோமியோ' என்று திட்டும் போலீஸ்காரர் ஷேக்ஸ்பியரை நினைத்துத் திட்டுவதில்லை.

ஒரு கதாபாத்திரத்தின் பெயர் இப்படி ஆளின் பெயராக இல்லாமல் ஒரு ரகத்தின் பெயராகிவிட்டால், சட்டமும் அதை அப்படித்தான் பார்க்கும். அன்றாட மொழியில் வழக்கமாகிவிட்ட சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு டிரேட்மார்க் கேட்டால் மறுக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. புராணப் பெயர்களிலும் கிட்டத்தட்ட இதே எண்ணம்தான். ஊதுபத்திக்கு 'ராமாயணம்' என்று பெயரைப் பதிவு செய்ய வந்தவருக்கு, புனித நூலின் பெயரைத் தனியொருவர் உரிமை கொண்டாட முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 'நாகராஜ்' என்ற இந்திக் காமிக்ஸ் நாயகனைப் பார்த்து 'நாகேஷ்' என்று இன்னொரு கம்பெனி புத்தகம் போட்டபோது, 1997இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த நாயகன் ஒரே கம்பெனியின் பொருளாகத்தான் மக்கள் மனதில் இருந்தான், பேச்சுவழக்குச் சொல்லாக இறங்கியிருக்கவில்லை.

'அப்படியானால் தேவதாஸை யாருமே பதிவு செய்ய முடியாதா?' என்றால், முடியும். பிஸ்கட்டுக்கோ குடைக்கோ கேட்டால் கிடைக்கலாம், அந்தப் பொருளோடு பெயருக்கு ஒட்டும் உறவும் இல்லை என்பதால். டிரேட்மார்க் பதிவில் பொருள்களையும் சேவைகளையும் ரகம் பிரித்து 45 வகுப்புகள் இருக்கின்றன. சலூன், அழகு நிலையம் எல்லாம் 44ஆவது வகுப்பு. தாடி எண்ணெய், சோப்பு 3ஆவது வகுப்பு. ஒரு வகுப்பில் வாங்கிய பதிவை எல்லா வகுப்புக்கும் வாங்கியதுபோல் காட்டுவது இந்த ஏஜென்டுகளின் வாடிக்கை.

உங்களுக்கு வந்த நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். பதிவு எண் இருக்கிறதா? எண் இருந்தால் அது எந்த வகுப்பு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மத்திய அரசின் அறிவுசார் சொத்து இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். 'பதிவானது' என்று அங்கே இருந்தால்தான் பதிவு. என்னிடம் இப்படி வரும் நோட்டீஸ்களில் பல, வெறும் விண்ணப்ப ரசீதை வைத்துக்கொண்டு மிரட்டுபவை. 4,500 ரூபாய் கட்டினால் யாரும் எந்தப் பெயருக்கும் விண்ணப்பம் போடலாம், எண்ணும் உடனே கிடைத்துவிடும். அந்த எண்ணைக் காட்டிச் சிறிய கடைக்காரர்களிடம் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று பிடுங்குகிறார்கள். 'தடையில்லாச் சான்று' என்று ஒன்றைப் பெயர்ப்பலகைக்காக எந்த டிரேட்மார்க் அலுவலகமும் உங்களிடம் கேட்கப் போவதில்லை.

சரி, ஒருவேளை 44ஆவது வகுப்பிலேயே அவர் உண்மையாகப் பதிவு வாங்கியிருந்தால்? அப்போது உங்களைக் காப்பது அதே டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆவது பிரிவு. அவர் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய தேதி, பதிவுக்கு விண்ணப்பித்த தேதி இரண்டுக்கும் முன்பிருந்தே நீங்கள் விடாமல் அந்தப் பெயரில் தொழில் நடத்தி வந்திருந்தால், பதிவு இருந்தாலும் அவர் உங்களைத் தடுக்க முடியாது. இதில் 'விடாமல்' என்பதைத்தான் நீதிமன்றம் துருவித் துருவிக் கேட்கும். ஆகவே இன்றைக்கே அலமாரியைக் குடையுங்கள். 2016ஆம் ஆண்டு நகராட்சி உரிமம், போர்டு எழுதியவர் கொடுத்த பில், விசிட்டிங் கார்டு அடித்த அச்சக ரசீது, திறப்பு விழா அழைப்பிதழ், கடைப் பெயரில் வந்த சாமான் பில்கள், ஆண்டுக்கு ஒன்றாவது வேண்டும். கடை வாசலில் எடுத்த படங்கள் போனில் இருந்தால் தேதியோடு சேர்த்து வையுங்கள். கொரோனாக் காலத்தில் கடை மூடியிருந்ததே என்று பயப்பட வேண்டாம், அரசு உத்தரவால் மூடியது தொழிலைக் கைவிட்டதாக ஆகாது.

இந்தச் சூட்டோடு நீங்களும் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். வெறும் 'தேவதாஸ்' என்று போட்டால் மேலே சொன்ன 9ஆவது பிரிவையே உங்கள் மீதும் திருப்புவார்கள். உங்கள் கடைக்கென்று வரைந்த சின்னத்தோடு பெயரைச் சேர்த்துப் போடுங்கள். தனி நபருக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான், பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் நான் வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வற்றச் சொல்லும் விஷயம் இருக்கிறது. விண்ணப்பத்தில் 'எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்' என்று ஒரு இடம் உண்டு. 2016 என்று எழுதினால் அதற்கு உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரங்களும் இணைக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்' என்று டிக் அடித்து அனுப்பிவிடும் ஏஜென்டுகள் ஏராளம். அவருக்கு அரை மணி நேரம் மிச்சம், உங்களுக்கோ இத்தனை ஆண்டு உழைப்பு காகிதத்தில் பூஜ்யமாகிவிடும். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அந்த விண்ணப்பத்தையே எடுத்துக் காட்டி, 'இவரே இனிமேல்தான் தொடங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாரே' என்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு வரியைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். 'நூறு சதவீதம் பதிவு உறுதி' என்பவரிடம் போகவே வேண்டாம்.

விண்ணப்பித்த பிறகு பொறுமை வேண்டும். நம் மாநிலத்துக்கான டிரேட்மார்க் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. பரிசோதனை அறிக்கை வரும், பெரும்பாலும் எல்லோருக்கும் அனுப்பும் அதே ஆட்சேபணை வாசகங்களோடு. 30 நாளில் பதில் கொடுக்க வேண்டும். அப்புறம் விசாரணை, அது தள்ளிப்போகும். ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியிடுவார்கள், அதிலிருந்து நாலு மாதம் யாரும் எதிர்க்கலாம். எதிர்த்துவிட்டால் வழக்கு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சென்னையில் தலைமையிடம் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தைப் பல காலம் உறுப்பினர் இல்லாமல் காயப்போட்டு, 2021இல் கலைத்தே விட்டார்கள். இப்போது மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றம்தான். கரூரில் முடி வெட்டுகிறவர் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டும் என்றால் இந்த முறை யாருக்காக இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. மிரட்டல் நோட்டீஸ் வியாபாரம் செழிப்பதும் இந்தத் தாமதத்தால்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் சிக்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. கடைச் சுவரில் படத்தின் ஸ்டில்லைப் பெரிதாக ஒட்டியிருக்கிறீர்களா? பெயர் பொதுவானது, படம் அப்படியல்ல. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு காப்புரிமை. 1953 படத்துக்கு 2013 முடிவோடு அது தீர்ந்தது. 2002இல் ஷாருக்கான் நடித்த இந்திப் படத்துக்கு 2062 முடியும் வரை இருக்கிறது. தாடியோடு இருக்கிறாரே என்று அந்த முகத்தை போர்டில் போட்டால், பட உரிமையாளரும் கேட்கலாம், நடிகரும் கேட்கலாம். ரஜினிகாந்தின் பெயரையும் சாயலையும் அனுமதியில்லாமல் பயன்படுத்திய ஒரு படத்துக்கு 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கலாம். பழைய படம் என்றாலும் நடிகர் முகம் வேண்டாம். 'உலகே மாயம்' என்று சுவரில் எழுதும் ஆசையும் வேண்டாம், பாட்டு வரிகளுக்குக் கணக்கு வேறு, எழுதிய கவிஞரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டு. உள்ளூர் ஓவியரிடம் யார் சாயலும் இல்லாமல் சால்வை போர்த்திய ஒரு தாடிக்காரரை வரையச் சொல்லுங்கள். வரைந்ததன் உரிமை உங்களுக்கே என்று அவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நோட்டீஸுக்குப் பதில். அவர் சொன்ன 15 நாளுக்குள் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதிவு எண், வகுப்பு, அவர் கட்சிக்காரர் பயன்படுத்தத் தொடங்கிய தேதி மூன்றையும் கேளுங்கள். நீங்கள் 2016 முதல் நடத்துவதை மட்டும் குறிப்பிடுங்கள், ஆதார நகல்களை இப்போதே கொடுக்காதீர்கள். அடிப்படையில்லாமல் வழக்கு மிரட்டல் விடுத்தால் 142ஆவது பிரிவின்படி நீங்களே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். இந்தப் பதிலை உங்கள் ஊர் வக்கீலே எழுதித் தருவார். பிறகும் அவர் போனில் கூப்பிட்டுப் பேரம் பேசினால் வாயால் எதையும் ஒப்புக்கொள்ளாமல், 'எழுத்தில் அனுப்புங்கள்' என்று சொல்லி வைத்துவிடுங்கள்.