பி.எஸ்சி விலங்கியல் முடித்திருக்கிறேன், ஊர் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம். கடல் உயிரியலில் எம்.எஸ்சி எங்கே சேரலாம்? வீட்டில் பக்கத்திலேயே படிக்கச் சொல்கிறார்கள்.

"வீட்டில் பக்கத்திலேயே படிக்கச் சொல்கிறார்கள்"னு போட்டிருக்கீங்க. அப்போ நீங்க பொண்ணாத்தான் இருக்கணும், பையன்கிட்ட இதை யாரும் சொல்றதில்ல. தப்புன்னா மன்னிச்சிருங்க. நான் பாம்பன்காரி, 2019-ல இதே கேள்வியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவ. தங்கச்சிகிட்ட பேசுற மாதிரியே பேசிடுறேன்.

மொதல்ல கேட்டதுக்குப் பதில். விலங்கியல் டிகிரியோட நம்ம பக்கத்துப் பிள்ளைங்க வழக்கமா போடுற இடம் நாலு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட பரங்கிப்பேட்டை மையம், வெள்ளாறு கடல்ல சேர்ற இடத்துல இருக்கு. அழகப்பா பல்கலைக்கழகத்தோட தொண்டி வளாகம், நம்ம மாவட்டத்துக்குள்ளயே. கொச்சிப் பல்கலைக்கழகம், அதுக்கு அவங்களே நுழைவுத் தேர்வு வைப்பாங்க. நாலாவது புதுவைப் பல்கலைக்கழகம். பேரைப் பார்த்து பாண்டிச்சேரின்னு நினைச்சிடாதீங்க, இந்தத் துறை இருக்கிறது அந்தமான்ல, போர்ட் பிளேர்ல (இப்போ ஸ்ரீ விஜயபுரம்னு பேரு). மீன்வளக் கல்லூரியில எம்.எஃப்.எஸ்சி, அதான் மீன்வள அறிவியல் முதுகலை, சேரலாம்னு யாராச்சும் சொன்னா நம்பிப் பணம் கட்டாதீங்க. அதுக்கு அதே படிப்புல இளங்கலை, பி.எஃப்.எஸ்சி, முடிச்சிருக்கணும், நம்ம டிகிரிக்கு அந்தக் கதவு கிடையாது.

எது ஒசத்தின்னு நான் சொல்லப் போறதில்ல. தொண்டியில படிச்சவங்க சண்டைக்கு வரவேண்டாம், அங்க படிச்ச என் சிநேகிதி என்னைவிட நல்லா இருக்கா. நான் சொல்ல வர்றது வேற. பணம் எந்தத் தேதியில கட்டச் சொல்றாங்கன்னு பாருங்க.

சிரிக்காதீங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. காலேஜ்ல சீட்டு கொடுத்து பணம் கட்டச் சொல்றதும் பெரும்பாலும் மே கடைசி, ஜூன். எங்க அப்பா சொந்தப் படகுக்காரர் இல்ல, கூலிக்குப் போறவர். தடைக்காலத்துல கரையில உக்காந்து வலை பொத்துற வேலை கிடைச்சா உண்டு. படகு முதலாளிகிட்ட முன்பணம் ஏற்கனவே வாங்கியாச்சு. தடைக்கால நிவாரணம் இப்போ 8,000 ஆக்கியிருக்காங்க, அப்போ 5,000. அம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க. கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, தூக்கிட்டா தென்கடல்ல இறங்க முடியாது. ஆக, வருஷத்துலயே எங்க வீட்டுல காசு இல்லாத வாரமாப் பார்த்து எனக்கு சீட்டு வந்துச்சு.

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒண்ணு, பேரு வேண்டாம். நல்ல ரேங்க். அஞ்சு நாளைக்குள்ள 18,000 ரூபாய் கட்டி, சான்றிதழையும் ஆன்லைன்ல ஏத்தணும். மூணு நாள் கேட்காத ஆள் இல்ல. நாலாவது நாள் அம்மா காதுல கிடந்ததைக் கழட்டி அடகு வச்சுப் பணத்தைப் புரட்டியாச்சு. அதுக்கப்புறம்தான் கூத்தே. நான் டிகிரி படிச்ச கல்லூரியில (அதுக்கும் பேரு வேண்டாம்) புரவிஷனல் சான்றிதழைக் கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. லைப்ரரி புத்தகம் ஒண்ணு திரும்பி வரலையாம், 340 ரூபாய் கட்டணுமாம். நான் திருப்பிக் கொடுத்த புத்தகம் அது! சரி, கட்டித் தொலைச்சிடுவோம்னு அஞ்சாவது நாள் காலையில பஸ் ஏறினேன்.

பாம்பன் பாலத்துல பஸ் நின்னுடுச்சு. விபத்து இல்ல, ஒண்ணும் இல்ல. ரயில் பாலத்தைப் படம் பிடிக்கிறோம்னு டூரிஸ்ட்டுங்க ரெண்டு பக்கமும் காரை நிறுத்திட்டு இறங்கி நிக்கிறாங்க. ஒருத்தர் வேன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு பிள்ளைக்கு இட்லி ஊட்டுறார். இதை நான் எத்தனை தடவை புலம்பினாலும் ஊருக்கு வருமானம் வருதுல்லன்னு வாயை அடைச்சிடுறாங்க. எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, காலேஜுக்கு எல்லாத்துக்கும் ரோடுன்னு இருக்கிறது அந்த ஒரு பாலம்தான். பிரசவ வலியோட போறவளும் அவங்க படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். சரி, விடுங்க. ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தப்போ ஒண்ணு பத்து. கிளார்க் சாப்பிடப் போயிட்டார், மூணு மணி வரைக்கும் ஆளைக் காணோம். வந்தவர், "கையெழுத்துப் போடுறவர் லீவு, நாளைக்கு வாம்மா"ன்னார். சீட்டு போச்சு.

முன்னாடியே வாங்கி வச்சிருக்கலாமேன்னு கீழ வந்து எழுதப் போறவங்களுக்கு: ரிசல்ட்டே மே கடைசியிலதான் வந்துச்சு சாமி.

பரங்கிப்பேட்டையில கடைசித் தேதி தள்ளி இருந்ததால தப்பிச்சேன். ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். கூடப் படிச்சவங்க பாதிப் பேர் நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க. ஒருநாள் பிராக்டிகல்ல ஸ்பாட்டர் வச்சாங்க, பார்த்து அடையாளம் கண்டு பேரு எழுதணும், வரிசையா ஃபார்மலின் ஜாடி, ஜாடிக்கு ஒரு நிமிஷம். ஒண்ணுல பாசி. நிறமெல்லாம் வெளுத்துப்போய் நூல்கண்டு மாதிரி கிடக்கு. அறிவியல் பேரு சுத்தமா வரல. ஆனா கிளை பிரியிற விதத்தைப் பார்த்ததும் கை தானா "கஞ்சிப்பாசி"ன்னு எழுதிடுச்சு. அடுத்த ஜாடிக்கு "மரிக்கொழுந்து". அடிச்சுட்டு வெறுமனே விடலாம்னு நினைச்சேன், மணி அடிச்சுட்டாங்க. பேப்பரைத் திருத்தின சார் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுதான்னு போனா, "இதை எப்படிம்மா கண்டுபிடிச்ச, மத்தவங்க ரெண்டையும் மாத்தி எழுதியிருக்காங்க"ன்னார். எங்க அம்மா விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கி எடுக்கிற பாசி சார்னேன். கிராசிலேரியா எடுலிஸ், ஜெலிடியெல்லா அசிரோசான்னு ரெண்டு பேரையும் பத்து தடவை எழுதச் சொல்லிட்டு, மார்க்கு மட்டும் பாதிதான் போட்டார்.

ரெண்டாம் வருஷம் பிராஜெக்ட்டுக்கு நான் போன இடம் எது தெரியுமா? மண்டபம். உங்க ஊர்தான்! மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட தலைமையிடமே 1949-லேருந்து 1971-ல கொச்சிக்கு மாத்துற வரைக்கும் மண்டபம் கேம்ப்லதான் இருந்துச்சு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோட 21 தீவும் நம்ம பக்கத்துல தொடங்கி தூத்துக்குடி வரைக்கும்தான் கிடக்கு. அத்தனை தூரம் போய்ப் படிச்சிட்டு சாம்பிள் எடுக்க அம்மாவோட வள்ளத்துல ஏறினேன். அம்மா, "இதுக்கா என் தோட்டை வச்ச?"ன்னாங்க. தோடு அதுக்குள்ள திரும்பி வந்திருந்துச்சுங்கிறதால சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்க.

அதனால பக்கமா தூரமாங்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. எந்த இடமா இருந்தாலும், இப்போ ரெண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை ஒண்ணைப் பிடிச்சு ரெண்டு விஷயம் கேளுங்க. ஒரு செமஸ்டர்ல எத்தனை தடவை கடலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க? பிராஜெக்ட் கைடை நாமளா கேட்டு வாங்கலாமா, இல்ல அவங்களா ஒதுக்குறதா? வெப்சைட்டுல இது ரெண்டையும் போடமாட்டாங்க. விடுதி உண்டாங்கிறதை வீட்டுல கேட்பாங்க, அதையும் சேர்த்துக் கேட்டுக்கோங்க.

சான்றிதழை மட்டும் நாளைக்கே போய் வாங்கிடுங்க. லைப்ரரியில புத்தகம் திருப்பினதுக்குக் கையெழுத்து வாங்கி வச்சிருக்கீங்களான்னு பாருங்க. உங்களுக்குப் பாலத்தைத் தாண்டுற தொல்லை இல்ல, கொடுத்து வச்சவங்க.