பூந்தொட்டிப் பவளம் ஏன் சுருங்குகிறது?

கேள்வி: வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு ஆண்டுகளாகப் பவளம் வளர்க்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் வாங்கிய பச்சைக் கோனியோபோரா (பூந்தொட்டிப் பவளம்) தொடக்கத்தில் பூங்கொத்துப் போல விரிந்து நின்றது. இப்போது பாலிப்புகள் (பவளத்தின் பூப்போன்ற சிறு உயிர்கள்) பாதி நீளம்கூட நீள்வதில்லை. ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரிகிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். பாஸ்பேட் நீக்கி போட்டிருக்கிறேன். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரையும் மாற்றுகிறேன். எங்கே தவறு செய்கிறேன்?
— ஒரு வாசகி, ஜூரோங், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியவை அந்த இரண்டு பூஜ்யங்கள்தாம். மீன் மட்டும் வளர்ப்பவருக்கு அவை நிம்மதி தரும் எண்கள். கோனியோபோராவுக்கு அவை பட்டினி. அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு சர்க்கரையும் கொழுப்பும் ஆக்கித் தருகின்றன என்பது உண்மையே. ஆனால் புதிய சதை வளர, நைட்ரேட்டிலும் பாஸ்பேட்டிலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். அவற்றை எந்த விளக்கும் தருவதில்லை. இயற்கையில் இந்தப் பவளம் பெரும்பாலும் கரையோரத்துக் கலங்கல் நீரில், மிதவை நுண்ணுயிர்கள் நிறைந்த இடங்களில் வளர்வது. அங்கிருந்து வந்த உயிரை நாம் கண்ணாடி போன்ற நீரில் வைத்துவிட்டு, அது மகிழ்ச்சியாக இருக்குமென்று நம்புகிறோம்.

கடையில் பார்க்கும்போது செழிப்பாக இருந்து, ஓராண்டு நெருங்கும்போது சாவது இதன் பழைய வரலாறு. உடலில் சேர்த்து வைத்த கையிருப்பு தீரும்வரை அது விரிந்து காட்டும். தீர்ந்த பிறகு ஓரங்களிலிருந்து சதை பின்வாங்கும். என் தொட்டியில் இறந்த முதல் கோனியோபோராவும் இப்படித்தான் போனது. நான் அப்போது விளக்கைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலையாகப் பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிடுங்கள். நீர் மாற்றத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பி.பி.எம். என்ற அளவுக்கு இரண்டையும் சேர்ந்தாற்போல், சில வாரங்களில் மெதுவாக உயரவிடுங்கள். நைட்ரேட் மட்டும் ஏறிப் பாஸ்பேட் பூஜ்யத்தில் நிற்பது, இரண்டும் இல்லாததைப் போலவே தீங்கானது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மன் தலைமையிலான குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு, பாஸ்பேட் பற்றாக்குறையில் நைட்ரேட் மிகுந்தால் வெப்பத்தையும் ஒளியையும் தாங்க முடியாமல் பவளம் எளிதில் வெளுக்கும் என்று காட்டியது.

அடுத்தது உணவு. கோனியோபோராவின் ஒவ்வொரு பாலிப்புக்கும் 24 சிறு கைகள் உண்டு. ஆனால் அதன் வாய் பெரிய இரையை விழுங்கும் வாய் அன்று. ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிர், மிக நுண்ணிய மிதவை உயிர்த்தூள் போன்றவற்றைத் தொட்டி நீரிலேயே கரைத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, நீரோட்ட மோட்டார்களைக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு மெல்லத் தூவுங்கள். கைகள் உள்நோக்கி மடங்கினால் அது உண்கிறது என்று பொருள். மாங்கனீசும் இரும்பும் சேர்த்தால் தேறுகிறது என்று வளர்ப்போர் பலர் சொல்கிறார்கள். ஊட்டம் சரியான பிறகு, நீரைச் சோதித்துப் பார்த்துச் சேர்ப்பதே என் பரிந்துரை.

இடத்தையும் பாருங்கள். தொட்டியின் கீழ்ப்பகுதி, நடுத்தர ஒளி, பாலிப்புகளை அசைக்கும் அளவு மட்டுமே உள்ள மாறி மாறி வரும் ஓட்டம் இதற்குப் போதும். கோமாளி மீன் கடற்சாமந்தி என்று நினைத்து அதற்குள் புரண்டுகொண்டிருந்தால் பவளம் விரியாது. மீனைப் பிரித்து வையுங்கள். காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.ஹெச். (அதை அளக்கும் அலகு) இருக்கட்டும், எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட, நாளுக்கு நாள் ஆடாமல் நிற்பது முக்கியம். வெப்பத்தைத் தணிக்க மின்விசிறி வைத்திருந்தால் நீர் விரைவில் ஆவியாகி உப்பு ஏறும். குறையும் நீரைத் தினமும் உப்பில்லாத தூய நீரால் ஈடுசெய்து உப்பை 35 பி.பி.டி.யில் (ஆயிரத்தில் 35 பங்கு) நிறுத்துங்கள். வெள்ளையாகத் தெரியும் ஓரத்தில் பழுப்புக் கூழ் படிந்தால் உடனே குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அது பரவும். மற்றபடி கையால் தொடாதீர்கள். விரிந்திருக்கும்போது நீருக்கு வெளியே தூக்கினால் எலும்பின் கூர்மையில் சதை கிழியும். தேற மாதங்கள் ஆகும்.

கேள்வி: சூரியப் பவளம் வாங்கினேன். பகலில் மூடியே கிடக்கிறது. விளக்கைக் கூட்டியும் பயனில்லை. இறந்துவிட்டதா?
— ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: விளக்கைப் பழையபடி குறைத்துவிடுங்கள். பெயரில் சூரியன் இருந்தாலும் டுபாஸ்ட்ரேயா என்ற இந்தப் பவளத்தின் உடலில் நுண்பாசிகள் இல்லை; பாறை விளிம்புக்கு அடியிலும் குகை வாயிலிலும் இரவில் விரிந்து இரை பிடித்து வாழ்வது அது. மாலையில் விளக்கு அணைந்த பின், மைசிஸ் இறால் கரைந்த நீரைச் சிறிது அதன்மேல் சொட்டி அரை மணி நேரம் காத்திருங்கள். கைகள் வெளிவந்ததும் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக ஊட்டுங்கள்; ஊட்டப்படாத பாலிப் அடுத்ததன் உணவில் வாழாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து மூடினால் மீனும் இறாலும் திருடாது. வாரம் மூன்று முறை இதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர் இந்தப் பவளத்தை வாங்கக்கூடாது.

கேள்வி: கடலோரத்தில் உயிருள்ள சிறு பவளத் துண்டு கிடைத்தால் வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவரலாமா?
— கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: கூடாது. பவளப் பாறைகளைக் கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிரற்ற துண்டை எடுத்தாலும் குற்றமே. உங்கள் ஊரிலிருந்து ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம் வளர்க்கும் ஆசை இருந்தால், உடைந்த துண்டுகளைச் சட்டகங்களில் கட்டிக் கடலுக்குள்ளேயே வளர்த்துவரும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள்.