"மனசு சரியானதும் வரேன் டாக்டர்" – ஹார்ட் அட்டாக்குக்கு அப்புறம் வர்ற டிப்ரஷன், ரிஹாப் பத்தி உங்க கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல நெஞ்ச பத்தி இல்ல, மனச பத்திதான். அதனால மாத்திரை டோஸ் கேள்வி, முட்டை சாப்பிடலாமா கேள்வியெல்லாம் அடுத்த தடவைக்கு தள்ளி வச்சிட்டேன், கோச்சுக்காதீங்க. ரிஹாப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: அட்டாக்குக்கு அப்புறம் ஆஸ்பத்திரில ஆள் பக்கத்துல இருந்து, அளவு பாத்து நடக்க வைக்கற இதயப் பயிற்சி.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு. ரெண்டு மாசம் முன்னாடி அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. எக்கோல பம்பிங் நல்லா இருக்கு. ரிஹாப்புக்கு மூணு நாள் போனார், அப்புறம் நின்னுட்டார். பேப்பர் கூட படிக்கறதில்ல, நாள் பூரா ஈசி சேர்தான். அம்மா சோம்பேறித்தனம்னு திட்றாங்க. அப்படியா டாக்டர்?

முதல்ல அம்மாவ திட்ட வேணாம்னு சொல்லுங்கம்மா. போற போக்குல பேப்பர் படிக்கறதில்லன்னு எழுதினீங்க பாருங்க, எனக்கு அதுதான் கண்ணுல பட்டுச்சு. காலங்காத்தால பேப்பர் வரலன்னா வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கற மனுஷன் அத தொடவே இல்லன்னா அது சோம்பேறித்தனம் இல்ல.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த புதுசுல அழுகை, பயம், தூக்கம் வராதது எல்லாம் நிறைய பேருக்கு இருக்கும், தானா குறையும். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தெனமும் அப்படியே இருந்தா அத டிப்ரஷனான்னு பாக்கணும். அட்டாக் வந்தவங்கள்ல சுமார் 5 பேர்ல ஒருத்தருக்கு நிஜமான டிப்ரஷன் வருது. 1993ல கனடா மாண்ட்ரியல்ல நான்சி ஃப்ராஷர்-ஸ்மித் குழு 222 அட்டாக் நோயாளிங்கள ஆறு மாசம் கவனிச்சாங்க, டிப்ரஷன் இருந்தவங்க இறந்து போற ஆபத்து மத்தவங்கள விட ஏறக்குறைய 4 மடங்கு. அதுக்கப்புறம்தான் இதய டாக்டருங்களே இத சீரியஸா எடுக்க ஆரம்பிச்சோம். காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல: மனசு விட்டுப்போனவர் மாத்திரைய மறப்பார், விட்ட சிகரெட்ட திரும்ப எடுப்பார், நடக்க மாட்டார், ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறி ரத்தத்த உறைய வைக்கற தட்டுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கற மாதிரி ஆகும்.

இதுல சிக்கல் என்னன்னா எது இவருக்கு மருந்தோ அதுக்கு போக விடாம பண்றதே இந்த நோய்தான். "மனசு கொஞ்சம் சரியாகட்டும் சார், வரேன்" இத நான் வாரத்துக்கு நாலு தடவையாவது கேக்கறேன். மனசு சரியாகிட்டு வர்றது இல்லீங்க, வந்தாதான் மனசு சரியாகும். அமெரிக்காவுல ட்யூக் யுனிவர்சிட்டில இதய நோயும் டிப்ரஷனும் சேர்ந்து இருந்த 101 பேர பிரிச்சு சிலருக்கு எக்சர்சைஸ், சிலருக்கு செர்ட்ராலின்ங்கற டிப்ரஷன் மாத்திரை, சிலருக்கு டம்மி மாத்திரைன்னு நாலு மாசம் குடுத்து பாத்தாங்க, எக்சர்சைஸ் பண்ணவங்களுக்கும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் டம்மிய விட நல்லாவே குறைஞ்சுது.

அப்பாகிட்ட "12 வாரம் போகணும்"னு சொல்லாதீங்க, மலைச்சுப் போயிடுவார். "செவ்வாக்கிழமை ஒரு பத்து நிமிஷம் போய்ட்டு வரலாம், நானும் வரேன்" அவ்ளோதான். முன்னாடியே ரிஹாப்ல போன் பண்ணி விஷயத்த சொல்லிடுங்க. அதோட அப்பாகிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: கடந்த ரெண்டு வாரமா எதுலயும் ஆர்வம் இல்லாம இருக்காப்பா? மனசு சோர்ந்து நம்பிக்கையே இல்லாம இருக்கா? பாதி நாளுக்கு மேல ஆமான்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, அங்க 9 கேள்வி உள்ள ஒரு ஃபார்ம் போட்டு பாப்பாங்க. தைராய்டும் ஹீமோகுளோபினும் பாத்துட சொல்லுங்க, அதுவும் இதே மாதிரி ஆள படுக்க வச்சிடும்.

கேள்வி: திருப்பூர்ல தையல் யூனிட் வச்சிருக்கேன், வயசு 46. ட்ரெட்மில்ல ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது, திரும்ப அட்டாக் வந்துடுமோன்னு பயமாகி இறங்கிட்டேன். திரும்ப போகவே இல்ல.

உங்கள மாதிரி பயந்தவங்கதான் அதிகம், வெளிய சொல்லத்தான் வெக்கப்படறாங்க. நடந்தா இதயம் வேகமா அடிக்கும், அடிக்கணும், அதுக்குத்தானே ஏத்தி விடறோம். அட்டாக் அன்னிக்கும் அப்படி அடிச்சதால உங்க மூளை ரெண்டையும் ஒண்ணுன்னு முடிச்சு போட்டுடுச்சு. தனியா ரோட்ல நடக்கறத விட ஈசிஜி பாத்துக்கிட்டே ஆள் பக்கத்துல நிக்கற எடத்துல நடக்கறது பயம் தெளியறதுக்கு நல்லது. அளவு தெரியணும்னா, நடக்கும்போது பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது. ஆனா ஒண்ணு, நெஞ்ச இறுக்கற வலி, கைக்கோ தாடைக்கோ பரவறது, குப்புன்னு வேர்வை, தலைசுத்தல் இதெல்லாம் வந்தா உடனே நிறுத்தி உக்காருங்க, டாக்டர் குடுத்திருந்தா சார்பிட்ரேட்ங்கற நெஞ்சுவலி மாத்திரைய நாக்குக்கு அடியில வைங்க, அஞ்சு நிமிஷத்துல குறையலன்னா 108. இத பயம்னு சொல்லி ஒதுக்கக்கூடாது.

கேள்வி: ஏற்கனவே ஒம்பது மாத்திரை. இதுல மனசுக்கும் மாத்திரையா? ஹார்ட்டுக்கு ஆபத்து இல்லையா?

எந்த மாத்திரைங்கறதப் பொறுத்து. செர்ட்ராலின அட்டாக் வந்தவங்களுக்கே குடுத்து 2002ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, இதயத்துக்கு பாதுகாப்புன்னு. பழைய காலத்து அமிட்ரிப்டிலின் வகைய அட்டாக் வந்தவங்களுக்கு தவிர்ப்போம், சிட்டலோப்ராம் ஈசிஜில மாத்தம் காட்டலாம், டோஸ் பாத்துதான் குடுப்போம். அதனால மனநல டாக்டர்கிட்ட போகும்போது அந்த ஒம்பது மாத்திரை சீட்டையும் எடுத்துட்டு போங்க. ரத்தம் உறையாம இருக்க குடுக்கற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் கூட செர்ட்ராலின் மாதிரி மாத்திரை சேர்ந்தா ரத்தக்கசிவு கொஞ்சம் கூடலாம், மலம் கருப்பா போனா அன்னிக்கே சொல்லுங்க. பலன் தெரிய ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், நாலு நாள்ல ஒண்ணும் ஆகலன்னு நிறுத்தாதீங்க, நல்லாயிடுச்சுன்னும் நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி: மெட்டோப்ரோலால்தான் டிப்ரஷனுக்கு காரணம்னு யூட்யூப்ல சொன்னாங்க, விட்டுடலாமா?

இதயத் துடிப்ப குறைக்கற மாத்திரை அது, விடாதீங்க, திடீர்னு விட்டா ஆபத்து. அசதியும் கெட்ட கனவும் வரலாம், டிப்ரஷன உண்டாக்குதுன்னு ஆய்வுகள்ல நிக்கல.

கேள்வி: எனக்கு 54 வயசு, போன ஐப்பசில அட்டாக். ரிஹாப் எல்லாம் ஆம்பளைங்களுக்குன்னு வீட்ல சொல்றாங்க, வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானேங்கறாங்க. எனக்கு எதுக்கெடுத்தாலும் அழுகையா வருது.

இந்த கேள்விக்கு எனக்கு கோவம்தான் வருது, உங்க மேல இல்லம்மா. பொம்பளைங்கள ரிஹாப்புக்கு அனுப்பறதே உலகம் முழுக்க கம்மி, அட்டாக்குக்கு அப்புறம் டிப்ரஷன் வர்றது அவங்களுக்குத்தான் அதிகம். குனிஞ்சு பெருக்கறதும் தண்ணி கொடம் தூக்கறதும் விட்டு விட்டு செய்யற வேலை, இதயத்துக்கு வேண்டியது ஒரே சீரா கூட்டிக்கிட்டே போற நடை. அதுவும் இல்லாம ரிஹாப்ல அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் நீங்க காப்பி போட வேண்டாம், அதுவே பாதி வைத்தியம். வீட்டுக்காரர அடுத்த செக்கப்புக்கு கூட்டிட்டு போய் டாக்டர் வாயாலயே சொல்ல வைங்க. அழுகைய மட்டும் சாதாரணம்னு விட்டுடாதீங்க, அதயும் சொல்லுங்க.

கேள்வி: எங்க ஊர்ல ரிஹாப் கிடையாது, பஸ்ல போய்வர ஒரு நாள் கூலி போயிடும்.

இதுதான் நம்ம நாட்டோட நிஜம். இந்தியாவுல 24 ஆஸ்பத்திரில 3,959 பேர வச்சு யோகா-கேர்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, 12 வாரத்துல 13 கிளாஸ், மிஷின் எதுவும் வேணாம். மறுபடி அட்டாக் வர்றது குறைஞ்சுதான்னு பாத்தா மொத்தத்துல உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல, ஆனா பழைய வேலைகளுக்கு திரும்பினதும் உடம்பு நல்லா இருக்கறதா உணர்ந்ததும் யோகா பண்ணவங்கதான் அதிகம். தலைகீழா நிக்கறது, தம் கட்டறது மட்டும் வேணாம். ரிஹாப் இருக்கற ஆஸ்பத்திரில ஒரே ஒரு தடவை டெஸ்ட் எடுத்து அளவு வாங்கிட்டு வந்து வீட்ல நடந்து, வாரம் ஒரு போன்ல பேசிக்கலாமான்னு கேளுங்க. கூட நடக்க ஒரு ஆள் புடிச்சுக்கோங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் "அன்னிக்கே போய் சேர்ந்திருக்கலாம்"னு அடிக்கடி சொல்றார். கேட்டா ஏடாகூடமாயிடுமோன்னு பயமா இருக்கு.

கேளுங்கம்மா. "சாகணும்னு தோணுதா"ன்னு நேராவே கேக்கலாம், கேக்கறதால அந்த எண்ணம் வராது, இருந்தா வெளிய வரும். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, மாத்திரை டப்பா உங்க கையில இருக்கட்டும், அன்னிக்கே மனநல டாக்டர். ராத்திரில 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம், இலவசம்.

கேள்வி: எட்டு மாசம் ஆச்சு, பாதில விட்டுட்டேன். இனிமே போனா திட்டுவாங்களா?

திட்ட மாட்டாங்க, திட்டினாலும் போங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியா எடுத்த எக்கோ, இப்ப சாப்பிடற மாத்திரை சீட்டு மூணும் கையில வச்சுக்கோங்க, ஒரு நடை டெஸ்ட் வச்சு புதுசா அளவு போட்டு குடுப்பாங்க. காலையில மாத்திரைய விடாம சாப்பிட்டுட்டு, டிபன் முடிச்சு ஒரு மணி நேரமாவது கழிச்சு போங்க, ரப்பர் செருப்போட போகாதீங்க, ட்ரெட்மில்ல ஏத்த மாட்டாங்க.