கைவிரல், உதடு, தோல் மூன்றிலும் ஒரே பிள்ளைக்கு ஏன் குறை வருகிறது? அடுத்த பிள்ளைக்கும் வருமா?

எங்கள் வீட்டிலும் பதினொரு வருடத்துக்கு முன் இதே கேள்விதான். அக்காவின் மகன் பிறந்தபோது இரண்டு கையிலும் நடுவிரல் இல்லை, மேலுதடு பிளந்திருந்தது, தோல் மெல்லிசாய் வறண்டு கிடந்தது. களுவாஞ்சிக்குடியில் பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “கிரகணத்தண்டு மீன் வெட்டினியா, புள்ள?” என்றுதான் கேட்டார்கள். அவள் வெட்டவில்லை, ஆனாலும் அந்த மாதங்களை நாள் நாளாய் எண்ணி அழுதாள். தயவுசெய்து உங்கள் வீட்டில் யாரையும் அப்படிக் கேட்க விடாதீர்கள்.

கைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், கருவில் நாலாவது வாரமளவில் கை ஒரு மொட்டாகக் கிளம்பும், அதன் நுனியில் தோல் தடித்து வயல் வரம்பு போல நிற்கும், உள்ளே இருக்கிற கலங்களை வளரச் சொல்வதே அந்தத் தோல்தான். அந்த வரம்பு நிலைக்க பி63 என்ற மரபணு வேண்டும். அது தரும் புரதம் மற்ற மரபணுக்கள் எங்கே, எப்போது வேலைசெய்ய வேண்டும் என்று ஏவுகிறது. மேற்தோல் உருவாகவும் உதடு பொருந்தவும் அதே புரதம்தான். 1999இல் இந்த மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் மேற்தோலும் பின்னங்கால்களும் இல்லாமல் பிறந்தன. மனிதரில் இந்த மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டதும் அதே வருடம்தான். அக்காவின் மகனுக்கு அந்த மரபணுவின் வாசகத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது.

சரி, மரபணுப் பரிசோதனையில் பிழை இல்லை என்று வந்தால்? சிலருக்கு மரபணு நன்றாக இருக்கும், அதை இயக்கும் சுவிட்ச் கெட்டிருக்கும். பெருவிரல் பக்கம் கூடுதல் விரல் வருகிற சில குடும்பங்களில் கெட்டிருப்பது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணுவின் சுவிட்ச், அந்தச் சுவிட்ச் மரபணுவிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்து தள்ளி, இன்னொரு மரபணுவுக்குள் இருக்கிறது. மரபணுவை மட்டும் வாசிக்கும் சோதனையில் அது படாது, ஆகவே சுவிட்சையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் வெயில். அக்காவின் மகனுக்கு வியர்வை குறைவு, கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் உடம்பு கொதிக்கும், ஈரத் துவாயைக் கழுத்தில் சுற்றித்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம். பேனையைப் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்து எழுதுவான், எழுத்து என்னுடையதை விட அழகு.

பி63 பிழை தாய் தகப்பன் இருவரிலும் இல்லையென்றால் அது பிள்ளையில் புதிதாக வந்தது, அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் முட்டையிலோ விந்திலோ மட்டும் இருந்துவிடலாம் என்பதால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அக்காவின் மகனுக்குப் பிறக்கப்போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, வந்தாலும் குறையின் அளவு கூடக் குறைய இருக்கலாம். அக்காவும் மச்சானும் சோதித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குத் துணிந்தார்கள். மகள், இப்போது நாலு வயது, அவளுக்கு ஒன்றுமில்லை.