ஆங்கிலம் மாறியது, தமிழ் மாறவில்லை: வலைத்தளத்தில் எழுத்துருவைப் பதிப்பது எப்படி?

கேள்வி: சிறிய பதிப்பகம் ஒன்றை நடத்துகிறோம். புத்தகங்களுக்குப் பயன்படுத்தும் யூனிகோடு எழுத்துருவையே வலைத்தளத்திலும் கொண்டுவர நினைத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றி ஒன்றில் கொடுத்து வோஃப்2 (வலைத்தளங்களுக்கென அளவைச் சுருக்கிய எழுத்துரு வடிவம்) கோப்பாக எடுத்தேன். ஏற்றியதும் ஆங்கில எழுத்துகள் மட்டும் புதிய வடிவத்துக்கு வந்தன. தமிழ் பழையபடியே இருக்கிறது. இதற்கு எந்த மென்பொருள் சரி? யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்த பழைய நூல்பகுதிகளையும் இப்படியே போட்டுவிடலாமா?

பதில்: உங்கள் நிரலில் பிழை இருக்க வாய்ப்பில்லை. ஆங்கிலம் மாறியிருக்கிறது என்றாலே உலாவி கோப்பைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டது என்று பொருள். தமிழ் மாறாததற்குக் காரணம், பெரும்பாலும் அந்தக் கோப்புக்குள் இப்போது தமிழே இல்லை என்பதுதான். கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, தேவையில்லாத எழுத்துகளை மாற்றிகள் கத்தரித்துவிடும். இதற்கு சப்செட்டிங் என்று பெயர். எது தேவையில்லாதது என்று அவை தாமாக முடிவெடுக்கும்போது ஐரோப்பிய எழுத்துகளை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவது வழக்கம்.

பலரும் பயன்படுத்தும் ஃபான்ட் ஸ்க்விரல் தளத்தின் மாற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘ஆப்டிமல்’ என்ற தெரிவை விட்டுவிட்டு ‘எக்ஸ்பெர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே சப்செட்டிங் பகுதியில் ‘நோ சப்செட்டிங்’ என்றும், ஓப்பன்டைப் பகுதியில் எல்லா அம்சங்களையும் வைத்துக்கொள் என்றும் குறித்தால் தமிழ் தப்பிக்கும்.

ஆனால் நான் பரிந்துரைப்பது ஃபான்ட்டூல்ஸ் என்ற கட்டற்ற பைத்தான் தொகுப்பு. கட்டளை தட்டச்சு செய்து இயக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் பழக வேண்டும். அதில் உள்ள பைஎஃப்டி-சப்செட் என்ற கருவியை எழுதியவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நிரலும் அவருடையதுதான். எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பது தெரிந்தவர் செய்த கத்தரிக்கோல் என்பதால் அதன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

தமிழுக்கு இந்த விஷயம் ஏன் இவ்வளவு முக்கியம்? யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. அவற்றில் எழுத்தும் குறியும் எண்ணும் சேர்த்து நிரம்பியவை 72. ‘கு’ என்பதற்கோ ‘நூ’ என்பதற்கோ தனி இடம் கிடையாது. க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் இந்த வடிவத்தைப் போடு என்ற விதி, எழுத்துருவுக்குள் ஓர் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையை வெட்டிவிட்டால் எல்லா எழுத்தும் இருந்தும் ‘கு’ உருவாகாது. க தனியாக, குறி தனியாக நிற்கும். ஆகவே கட்டளையில் லேஅவுட்-ஃபீச்சர்ஸ் என்ற தெரிவுக்கு, மேற்கோள் குறிக்குள் நட்சத்திரக் குறி கொடுங்கள். எல்லா விதிகளும் தங்கும். எழுத்துகளில் தமிழ்த் தொகுதி முழுவதையும் சேருங்கள். உங்கள் பக்கத்தில் வரும் எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம், அதில் மிச்சமாகும் அளவு மிகச் சிறிது. அதோடு ரூபாய்க் குறி, வளைந்த மேற்கோள் குறிகள், இணைப்பைத் தடுக்கும் அகலமில்லாக் குறி ஆகியவற்றையும் மறக்காமல் சேருங்கள். வோஃப்2 ஆக எடுக்க, கோப்பைச் சுருக்கும் பிராட்லி தொகுப்பையும் நிறுவியிருக்க வேண்டும்.

எடுத்தபின் ஒரு சோதனை வரி வைத்துக்கொள்ளுங்கள்: ‘கு நூ ழூ டி கொ கௌ க்ஷ ஸ்ரீ’. இதை ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி மூன்றிலும் பாருங்கள். ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும்: ஸ போட்டு ஒன்று, ஶ போட்டு ஒன்று. இரண்டையும் சோதியுங்கள்.

சரி, இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது உரிமம். அச்சுக்கு வாங்கிய உரிமம் வலைத்தளத்துக்கும் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். தளத்தில் வைத்த எழுத்துருவை வருகிறவர் எவரும் இறக்கிக்கொள்ளலாம் என்பதால் விற்பவர்கள் அதற்குத் தனி உரிமம் வைத்திருப்பார்கள். விண்டோசோடு வரும் லதா, நிர்மலா எழுத்துருக்களை எடுத்து ஏற்றுவதும் கூடாது. ஒரு தமிழ் எழுத்துருவைச் செதுக்கி முடிக்க மாதக்கணக்கில் உழைப்பு போகிறது; பதிப்பகம் நடத்தும் உங்களுக்கு அந்த வலி புரியும்.

உரிமம் இல்லையென்றால், யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வெளிவந்த எழுத்துருக்கள் இருக்கின்றன. நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரன், தாரிக் அஸீஸின் கவிவனார் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும். இந்த உரிமத்தில் ஒரு நுணுக்கம்: எழுத்துருவின் பெயரை வடிவமைப்பாளர் தமக்கென ஒதுக்கி வைத்திருந்தால், நீங்கள் கத்தரித்த கோப்பு அந்தப் பெயரில் இருக்கக்கூடாது. உரிமக் கோப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கூகுளின் இணைப்பையே நேராகப் போடலாமா? வேலை எளிது, தமிழ்ப் பகுதியை அதுவே பிரித்துத் தரும். இருந்தாலும் கோப்பை உங்கள் தளத்திலேயே வைப்பதுதான் என் தெரிவு. மற்ற தளத்தில் இறங்கிய எழுத்துரு இங்கேயும் பயன்படும் என்ற பழைய வாதம் இப்போது செல்லாது; 2020இல் குரோம் 86 வந்தபோதே தளத்துக்குத் தளம் தற்காலிகச் சேமிப்பைப் பிரித்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, வாசகரின் ஐபி முகவரி அனுமதியின்றி கூகுளுக்குப் போகிறது என்று சொல்லி ஒரு தளத்துக்கு எதிராக 100 யூரோ இழப்பீடு விதித்தது. உங்களுக்கு ஐரோப்பாவில் வாசகர்கள் இருந்தால் கவனியுங்கள்.

பாமினிப் பகுதிகளை மட்டும் அப்படியே பதிக்காதீர்கள். பார்வைக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கும். தேடுபொறிக்கு அது தமிழாகாது, பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானும் அதைத் தமிழாகப் படிக்காது. என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்றவற்றில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு மெய்ப்புப் பாருங்கள். அக்காலத்தில் ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் போட்டுத் தட்டச்சு செய்யும் வழக்கம் இருந்தது. ‘கௌ’வின் பின்பாதிக்கு ‘ள’ போட்டவர்களும் உண்டு. இந்த இரண்டையும் தேடித் திருத்தினால் பெரும்பகுதி முடிந்துவிடும். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் குழம்பியிருக்கும், அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம், எழுத்துருவை அழைக்கும் சிஎஸ்எஸ் வரிகளில் ஃபான்ட்-டிஸ்ப்ளே என்பதற்கு ‘ஸ்வாப்’ கொடுங்கள். எழுத்துரு இறங்கும்வரை வாசகர் வெற்றுத் திரையைப் பார்க்க வேண்டியிருக்காது. தலைப்புகளுக்குத் தடித்த எழுத்து வேண்டுமானால் அந்த எடைக்கான கோப்பையும் தனியாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் உலாவி தானே தடிப்பாக்கும். சிறிய அளவில் ‘ஞ’, ‘ண’, ‘ஜ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும்.